மரப்பு மருந்து

வளன் பெண்சாதி யூஜினியாவுக்குத் தலை சுற்றும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதை ஒரு சீக்கு என்று நம்பினவர்கள்தான் கிடையாது.

மானகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே மண்ரோட்டில் போனால் வருகிற சின்ன ஊர் எங்களுடையது. மாதா கோயிலைச் சுற்றி வேதக்காரர் வீடுகள், கண்மாய்க்கரையை ஒட்டி மற்றவர்கள் வீடுகள். மழை ஏமாற்றாத வருசம் நெல். ஏமாற்றினால் கடலை. அதுவும் இல்லாவிட்டால் காரைக்குடிக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். வளனுக்கு அந்தக் கவலை இல்லை. காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றுபோனாலும் அவனைத்தான் தேடி வருவார்கள். யூஜினியா பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாள். விறகு அடுக்குவது, அரிசி களைவது, காய் நறுக்குவது, பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பது எல்லாம் அவள் பாடு.

முதல் தடவை அது அங்கேதான் வந்தது. தொண்ணூற்று நான்காம் வருசம், ஆடிக் காற்று புழுதியை வாரி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த சமயம். காலையிலிருந்தே இடது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. உள்ளே ஓர் இரைச்சல், தூரத்தில் அரவை மில் ஓடுவது போல. பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்கக் குனிந்தாள். அடுப்பு மேலே போயிற்று, சுவர் கீழே வந்தது. தூணைப் பிடிக்கப் போனாள். தூண் அந்த இடத்தில் இல்லை. விழுந்த இடத்திலேயே வாந்தி எடுத்தாள். பிள்ளைகள் சிரித்தன. சமையல்கார அம்மா, "முழுகாம இருக்கியா?" என்று காதோடு கேட்டாள்.

முழுகாமல் இல்லை என்று ஆன பிறகு பித்தம் என்றார்கள். காரைக்குடியில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு என்று வந்தது. பாதி வேலையில் படுத்துவிடுவாள். சாயங்காலம் எழுந்து, வெளுத்த முகத்தோடு ஏதும் நடக்காததுபோல அரிசி களைவாள். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனார் சகாயராணிக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

"நல்லாத்தான் இருக்கு இந்த வியாதி. வேலைன்னாச் சுத்துது, சோறுன்னா நிக்குது. எங்களுக்கெல்லாம் இப்படி ஒண்ணு வர மாட்டேங்குதே."

"பொய்யாங்க மதினி சொல்றேன்?"

"பொய்யின்னு நான் சொன்னேனா? சுத்துதுன்னு நீ சொல்ற. சுத்துறத நாங்க யாரும் பாக்கலையே."

அது உண்மைதான். விழுந்த பிறகு பார்த்த சமையல்கார அம்மாவைத் தவிர, சுற்றுகிறபோது பார்த்த பெரிய ஆள் யாரும் இல்லை. வளன் வீடு வந்து சேரும்போது அவள் முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பாள். அவன் பார்த்ததெல்லாம் அதுதான். ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை.

மறு வருசம் மழை பொய்க்கவில்லை. ஐப்பசியில் பிடித்தது, கார்த்திகையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. வேலிக்கருவை மூழ்கி நுனி மட்டும் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை வெயில் அடித்தது. நனைந்து முடை நாற்றம் எடுத்த துணியெல்லாம் வீடு வீடாகக் கரைக்குப் போயின. யூஜினியா போவதற்குள் மற்றவர்கள் துவைத்து முடித்து வந்துவிட்டார்கள். மகள் ஆன் மேரியைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். நாலு வயது இன்னும் ஆகவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் சோப்பைக் குழைத்து நுரையை ஊதிக்கொண்டிருந்த பிள்ளை.

அதற்குப் பிறகு நடந்ததை எதிர்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முத்துவீரன்தான் ஊருக்குச் சொன்னார். அவருக்கு எந்தப் பகையும் இல்லை. கண்ணால் பார்த்ததை அழுதுகொண்டே சொன்னார்.

"பிள்ளை தண்ணிக்குள்ள போயிருச்சு. பாவாடை மட்டும் மெதக்குது. இந்தத் தாயி என்னடான்னா அங்குட்டுப் பாக்காம கரை மேட்டப் பாத்துத் தவந்துக்கிட்டுப் போகுது. 'ஏத்தா, பிள்ளை, பிள்ளை'ன்னு கத்துறேன். திரும்பல. மேட்டப் பாத்தே போகுது. நான் சுத்தி ஓடியாந்து விழுந்து எடுக்கங்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சப்பா."

பெற்றவள் பிள்ளையை விட்டுவிட்டுக் கரையேறினாள். ஊர் அதைத்தான் பிடித்துக்கொண்டது. மயக்கம் வந்தது என்றால் விழுந்து கிடந்திருக்க வேண்டும். தவழ்ந்திருக்கிறாளே. தவழத் தெரிந்தவளுக்குத் தண்ணீர்ப் பக்கம் தவழத் தெரியாதா?

"நான் பிள்ளைகிட்டத்தான் போனேன்" என்று யூஜினியா சொன்னாள். அடக்கத்துக்கு முன்னாலும் சொன்னாள், பிறகும் சொன்னாள். "பிள்ளைகிட்டத்தான் போனேன். எனக்கு முன்னாலதான் இருந்தா." கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாயராணி வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "உசுருக்குப் பயந்துட்டான்னு சொல்லிட்டாக்கூட மனசு ஆறிரும். இப்படிப் பச்சையாப் பொய் சொல்றாளே."

வளன் அவளை அடிக்கவில்லை. ஒரு சொல் திட்டவும் இல்லை. வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். காலையில் அக்காள் வீட்டில் பழைய சோறு, ராத்திரிக்கும் அங்கேயே. அவள் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாள். மிஞ்சியது தினமும் கோழிக்குப் போயிற்று. அடுத்து வந்த கல்லறைத் திருநாளில் அவன் முன்னால் போய்ப் பிள்ளை குழியில் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வந்தான். அவன் திரும்புவதைப் பார்த்த பிறகு இவள் போனாள்.

பள்ளத்தூரில் வாத்தியார் வேலை பார்த்த அவள் அண்ணன் இமானுவேல் ஒருவன்தான் சும்மா இருக்கவில்லை. உடன் வேலை பார்த்தவர் யாரோ சொல்ல, அவளை மதுரையில் காது வைத்தியம் பார்க்கிற டாக்டர் சத்தியமூர்த்தியிடம் கூட்டிப்போனான். அவர் காதில் கருவியை மாட்டிக் கேட்கிறதா கேட்கிறதா என்று பார்த்தார். காதுக்குள் தண்ணீர் விட்டுக் கண்ணைப் பார்த்தார். உள்காதில் நீர் கூடிப்போகிற நோய் என்றார். காதில் ஆரம்பித்துத் தலையைச் சுற்றவைக்கும், அந்தக் காதின் கேட்கும் திறனையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்றார். இமானுவேல் அன்று சாயங்காலமே வளன் வேலை பார்த்த பட்டறைக்குப் போனான்.

"மாப்ள, இது நோவு. பேரு இருக்கு, மருந்து இருக்கு. டாக்டரு எழுதிக் குடுத்துட்டாரு."

வளன் செம்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தாமல், "டாக்டருமாரு எல்லாத்துக்கும்தான் எழுதிக் குடுப்பாக, மச்சான்" என்றான்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தாள். மாத்திரைகளை விடாமல் விழுங்கினாள். சுற்றுவது நிற்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் கொதிக்கிற அண்டா ஓரமாக விழுந்து முழங்கை வெந்ததும், இனி அடுப்புப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னார். செவிப்பறை வழியாக உள்ளே ஒரு மருந்தைச் செலுத்துவது. தலையைச் சுற்றவைக்கிற பகுதியை அந்த மருந்து ஒரேயடியாகச் செயலிழக்க வைத்துவிடும். அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போகலாம். "வலது காது நல்லா இருக்கு, அதை வச்சுச் சமாளிச்சுக்கலாம்" என்றார். யூஜினியா உடனே சரி என்றாள்.

நாள் குறித்த வாரத்தில் இமானுவேல் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டான். வளனை வரச்சொல்லி ஆள் அனுப்பினான். கட்டிலில் மஞ்சளாகக் கிடந்தவனைப் பார்த்தபடி வளன் நின்றான்.

"ஒரு நா கூடப் போயிட்டு வா. எனக்காகப் போ. பேசக்கூட வேணாம், நின்னாப் போதும்."

"அக்கா என்ன சொல்லுமோ."

"உங்கக்கா பெஞ்சாதியா அவ?"

 வளன் போனான்.

தொண்ணூற்று ஏழு மாசி. காலை பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அவன் பின்னால் நின்றான். மதுரையில் இறங்கியதும் அவன் ஒரு டீ வாங்கிக் குடித்தான். அவளை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரோட்டைக் கடக்கும்போது அவள் நின்று நின்று, சுவர் ஓரமாக வந்தாள். தனக்குக் காட்டத்தான் அப்படி நடக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

டாக்டர் அவனையும் உள்ளே வரச் சொன்னார்.

"நீங்க வீட்டுக்காரரா? நல்லதாப் போச்சு. இவங்களுக்கு முழு மயக்கம் குடுக்கப் போறதில்லை. சின்ன வேலைதான். காதை மட்டும் மரக்க வச்சுச் செய்யப் போறோம். முழிச்சிருப்பாங்க, நாங்க பேசுறதெல்லாம் கேக்கும். பயந்துபோய்த் தலையை ஆட்டிறக் கூடாது. பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்குங்க."

வளன் தன் கையைப் பார்த்துக்கொண்டான்.

"இன்னொண்ணு. சின்ன வயசுல இவங்களுக்குக் காதுல சீழ் வடிஞ்சிருக்கு. ஓட்டை மூடித்தான் இருக்கு, ஆனா தோல் லேசா இருக்கு. மரப்பு மருந்து உள்ள இறங்கிட்டா உள்காதுல பட்டுக் கொஞ்ச நேரம் தலை சுத்தும். அபூர்வமா நடக்கும். நடந்தாலும் சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிரும். தெரிஞ்சுக்குங்கன்னு சொல்றேன்."

"சரிங்க" என்றாள் யூஜினியா. 

அவளை வலது பக்கமாகப் படுக்க வைத்து இடது காது மேலே வரும்படி தலையணையைச் சரிசெய்தார்கள். பச்சைத் துணியைப் போட்டார்கள். காதுத் துவாரத்துக்குள் ஊசி போனபோது அவள் கால்விரல்கள் மடங்கின.  பிறகு செவிப்பறை மேல் படும்படி மரப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, மரக்கட்டும் என்று காத்திருந்தார்கள். வளன் அவள் முகத்துக்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தை அவன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. அவன் கை அவள் கை மேல் சும்மா கிடந்தது, பிடிக்கவில்லை.

"நான் பேசுறது கேக்குதாம்மா?"

"கேக்குதுங்க. தள்ளி நின்னு பேசுற மாதிரி."

"வலி இருக்கா?"

"இல்லைங்க. மதமதன்னு இருக்கு."

கொஞ்ச நேரம் போயிற்று. நர்ஸ் சாமான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். யூஜினியா மெதுவாக, "ஐயா, இரையுது" என்றாள். பிறகு, "ஐயா, வருதுங்க" என்றாள்.

அப்போதுதான் வளன் அவள் கண்களைப் பார்த்தான்.

கண்கள் ஓடின. கருமணி இரண்டும் ஒரு பக்கமாக மெல்ல நழுவி, வெட்டி இழுத்தாற்போல மறுபக்கம் திரும்பின. மறுபடி நழுவின, மறுபடி வெட்டின. நிற்கவே இல்லை. எந்த மனுசியாலும் வேண்டுமென்று அப்படிச் செய்ய முடியாது. வளன் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான்.

"டாக்டர், கண்ணு..."

"மருந்து உள்ள இறங்கிருச்சு. சிஸ்டர், மல்லாக்கப் படுக்க வைங்க. பேசின் கொண்டாங்க. பயப்படாதீங்கம்மா, நான் சொன்னேன்ல, அதுதான். மரப்பு விட்டதும் நின்னுரும்."

அவள் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. புரட்டிப் போட்டதும் வாந்தி எடுத்தாள். பாதி அவன் சட்டையில் விழுந்தது. மேசையின் விளிம்பை நகம் பதியப் பற்றிக்கொண்டாள். மேசை கவிழ்கிறது என்று கத்தினாள். பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீக?"

"இங்கதான் நிக்கிறேன்."

"எங்க? கையக் குடுங்க."

அவன் அவளுக்கு வலது பக்கம் நின்றான். குரல் வந்த திசை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் கையை நீட்டினாள். கை இடது பக்கம் போயிற்று. அங்கே சாமான்கள் வைத்த தள்ளுவண்டி இருந்தது. அதன் தகரத்தைத் தடவித் தடவித் தேடினாள்.

"இந்தப் பக்கம். இந்தா, இங்குட்டு."

"உங்ககிட்டத்தான் நீட்டுறேன். பிடிங்கங்க."

கை இன்னும் இடது பக்கமாகத்தான் நீண்டது. கத்தரி ஒன்று கீழே விழுந்தது. அவள் வேறு எதையோ பார்க்க ஆரம்பித்திருந்தாள். "பிள்ளையப் பிடிங்க" என்றாள். "பிள்ளையப் பிடிங்க, பிள்ளையப் பிடிங்க" என்று அடித்தொண்டையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வளன் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கையைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். டாக்டரைப் பார்த்துக் கேட்டான்.

"நான் அங்குட்டு நிக்கேன்னு தெரிஞ்சும் ஏங்க இங்குட்டு நீட்டுறா?"

"இந்த நேரத்துல கை நினைச்ச பக்கம் போகாதுங்க. நீங்க நிக்கிற இடம் இவங்களுக்கு வேற எங்கயோ தெரியுது."

"தவந்து போனா?"

"என்ன?"

"இப்படி இருக்கையில தரையில தவந்து போனாங்கன்னு வைங்க. எங்குட்டுப் போவாங்க?"

டாக்டருக்கு அவன் ஏன் கேட்கிறான் என்று தெரியாது. நாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேராப் போறதாத்தான் நினைச்சுக்குவாங்க. ஆனா நினைச்ச இடத்துக்குப் போய்ச் சேர மாட்டாங்க. எதிர்ப் பக்கம்கூடப் போயிருவாங்க."

ஊசி ஒன்று போட்டு அவளை வார்டுக்கு மாற்றினார்கள். காதில் செலுத்த வேண்டிய மருந்து இன்றைக்கு வேண்டாம், தோல் ஆறட்டும் என்றார் டாக்டர். வளன் வாந்திச் சட்டையோடு வெளியே வந்தான். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் ஒரு குழாய் இருந்தது. சட்டையைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிள்ளை போன அந்தச் சனிக்கிழமைக் காலை அவன் முன்னால் வந்து நின்றது. அதுவரை அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது யூஜினியா வாசலுக்கு வந்தாள். "காது இரையுதுங்க. வந்துருமோன்னு பயமா இருக்கு. பிள்ளைய இன்னைக்கு நீங்க வச்சுக்கிருங்க, இல்லாட்டி மதினி வீட்டுல விட்டுட்டுப் போங்க" என்றாள். ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுபோய், தேங்கிய மழைத்தண்ணீரை இறைக்க முடியாமல் நாற்று மூழ்கிக்கிடந்தது. "துணி கூடிப்போனா உனக்குக் காது இரையும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தான். ஆன் மேரி கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்தாள்.

அவள் சீக்கு பொய்யாக இருந்தால் அவன் சொன்னதில் தப்பில்லை. இத்தனை நாளும் அவன் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். அவள் கண்கள் ஓடியதைப் பார்த்த பிறகு பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

வெயில் தாழும்போது அவளுக்குத் தெளிந்தது. அவன் ஈரச் சட்டையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண்ணைத் திறந்தவள் முதலில் அதைத்தான் பார்த்தாள்.

"சட்டையில எடுத்துட்டேனா?"

"போகுது விடு."

"ஏதாச்சும் உளறுனேனா?"

அவன் இல்லை என்றான். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தான்.  பக்கத்துக் கட்டில் அம்மாள், "புண்ணியம் செஞ்சவ நீ. எவ்வளவு பிரியமாப் பாக்குறாரு" என்றாள். அதைக் கேட்ட பிறகு அவனால் அங்கே இருக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அவன் முத்துவீரனின் ஆட்டுக் கிடைக்குப் போனான். அவர் குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பாத்தத இன்னொருக்காச் சொல்லுங்க."

"எதுக்கப்பா இப்ப அது? எத்தன தடவ சொல்லியாச்சு."

"தவந்து போனாளே, எப்படிப் போனா? அத மட்டும் சொல்லுங்க."

முத்துவீரன் குட்டியை இறக்கிவிட்டார். யோசித்தார். வாயால் சொல்ல வராமல் புழுக்கைத் தரையில் முழங்காலை ஊன்றிச் செய்து காட்டினார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை முன்னால் நீட்டி நீட்டி மண்ணைத் தடவினார். தடவிவிட்டு நகர்ந்தார், மறுபடி நீட்டித் தடவினார். அப்படியே பாதியில் நின்றுவிட்டார்.

"தேடிருக்காடா" என்றார். "வளனு, அவ பிள்ளையத் தேடிருக்காடா. யாருமே என்னைய இத கேக்கலையேப்பா."

அவர் எழுந்திருக்கவில்லை. மண்ணில் கையை வைத்தபடியே அழுதார். வளன் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வந்தான்.

அடுத்த மாதம் காதில் மருந்து செலுத்தினார்கள். இந்தத் தடவை மரப்பு மருந்து உள்ளே இறங்கவில்லை. அதன் பிறகு சில வாரம் யூஜினியா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகினாள். வளன் வேலைக்குப் போகும் முன் தண்ணீர் தூக்கி வைத்தான். அவள் ஆக்கிய சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான்.  அந்தச் சனிக்கிழமைக் காலையைப் பற்றி அவன் சொல்ல வாயெடுத்த நாளெல்லாம் யாராவது வந்தார்கள், அல்லது அவனுக்கே தைரியம் போயிற்று. ஆடி வந்தது. சுற்றுவது முழுக்க நின்றிருந்தது. டாக்டர் கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்த்து, "இனி அந்தத் தொந்தரவு இல்லை. இடது காது அவ்வளவுதான், அது இனிக் கேக்காது" என்றார்.

அன்று திரும்புகிற பஸ் கூட்டமில்லாமல் கிடந்தது. இரண்டு பேர் சீட்டில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவள் இடது பக்கம் அவன் உட்கார்ந்தான். மேலூர் தாண்டி வயல்களும் பாறைகளும் போயின. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அவன் சொல்ல ஆரம்பித்தான். காலையில் அவள் சொன்னது, அவன் சொன்னது, பிள்ளை பின்னால் ஓடிவந்தது, அவன் திரும்பிப் பார்க்காமல் மிதித்தது. நம்பாததுபோல இருந்துகொண்டே இத்தனை காலத்தைக் கழித்தது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தான். அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் தோள் குலுங்குவது பட்டுத்தான் அவள் திரும்பினாள்.

"என்னமோ சொன்னீகளா? அந்தப் பக்கம் கேக்காதுல்ல. இங்குட்டு வந்து சொல்லுங்க."

ஓடுகிற பஸ்ஸில் அவன் எழுந்தான். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி ஜன்னல் பக்கம் போனான். வலது காதுப் பக்கம் உட்கார்ந்த பிறகு வாய் திறக்க முடியவில்லை. திருப்புத்தூர் வந்தது, ஆள் ஏறினார்கள், இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியது.

"நீ அன்னைக்குக் காலையில சொன்ன" என்றான். "பிள்ளைய வச்சுக்கிருங்கன்னு சொன்ன. நான் கேட்டுட்டுத்தான் போனேன். உன் மேல ஒண்ணும் இல்ல, யூஜி. எல்லாம் என் மேல."

அவள் மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

"நான் அத யார்ட்டயும் சொல்லலை" என்றாள். "எங்கண்ணங்கிட்டக்கூடச் சொல்லலை."

"சொல்லிருக்கலாம்ல? ஊரு அம்புட்டுப் பேசுச்சே. ஒரு வார்த்தை சொல்லிருந்தா..."

"சொல்லிருந்தா உங்களையும் பேசிருப்பாக. பிள்ளை போச்சு. என் பேரும் போச்சு. நம்ம வீட்டுல ஒராளாவது நாலு பேரு முன்னால தலை நிமிந்து நடக்கட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீங்களா என்கிட்ட வந்து சொல்லுவீகன்னு இருந்தேன். தெனமும் இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவாக, இன்னைக்குச் சொல்லுவாகன்னு. உலை கொதிக்கிறப்பல்லாம் வாசலைப் பாப்பேன்" என்றாள்.

குன்றக்குடி மலை பின்னால் போயிற்று. கண்டக்டர் மானகிரி, மானகிரி என்றான்.

மண்ரோட்டில் அவள் முன்னால் நடந்தாள். அவன் பையோடு பின்னால் வந்தான். சகாயராணி வாசலில் முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு மூன்று பெண்கள் இருந்தார்கள்.

"என்ன தம்பி, டாக்டரு என்ன சொன்னாரு? நின்னுருச்சாமா உம் பெஞ்சாதி சீக்கு?"

வளன் பையைக் கீழே வைத்தான். "அக்கா, உங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேளுங்க. அந்தச் சனிக்கிழமை காலையில..."

யூஜினியாவுக்கு அது வலது காதில் விழுந்தது. விடுவிடுவென்று திரும்பி வந்தாள். "வேணாங்க, வாங்க வீட்டுக்கு" என்று சொல்லி, பொம்பளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், அவன் வாயைக் கையால் பொத்தினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து இறக்கினான். விடாமல் பிடித்துக்கொண்டே, ஒன்றையும் விடாமல், முழுக்கச் சொன்னான்.

சகாயராணி கடலையை உடைப்பதை நிறுத்திவிட்டாள்.  யூஜினியா அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு, "ஏங்க சொன்னீக, ஏங்க சொன்னீக" என்று அழுதாள்.